குவாண்டம் சாஃப்ட்வேர் ஸ்டார்ட்டப் ஆரம்பிக்கிற ஐடியா இருக்கா?

சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே ஆரம்பிக்கலாம், மெஷின்லாம் வாங்க வேணாம், லேப்டாப்ல கிஸ்கிட் (குவாண்டம் புரோகிராம் எழுதுற டூல்) போட்டு, அதோட ஏர் (Aer) சிமுலேட்டர்ல நாய்ஸ் மாடலையும், அதாவது நிஜ மெஷின்ல வர்ற தப்புகளோட மாதிரியையும், சேர்த்து ஓட்டிப் பாருங்க. நாய்ஸ் இல்லாம ஓட்டினா எல்லாமே சூப்பரா தான் தெரியும், அத நம்பி இன்வெஸ்டர்கிட்ட போயிடாதீங்க.

அடுத்து உங்க சர்க்யூட்ல (குவாண்டம் புரோகிராம்ல) ரெண்டு க்யூபிட் கேட், அதாவது ரெண்டு க்யூபிட்ட (குவாண்டம் பிட்ட) சேர்த்து செய்யற ஆபரேஷன், எத்தனை வருதுன்னு எண்ணுங்க, இதுதான் மெயின். ஒரு கேட் 99% சரியா வேலை செய்யுதுன்னு வெச்சுக்குவோம், 100 கேட் போட்டா ஒரு தப்பும் இல்லாம முடியற வாய்ப்பு சுமார் 37% தான்! பக்கத்துல இல்லாத க்யூபிட்ட சேர்க்கணும்னா ஸ்வாப் (ரெண்டு க்யூபிட்டோட நிலைய இடம் மாத்தறது) போடணும், ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் 3 சிநாட் (ஒரு வகை ரெண்டு க்யூபிட் கேட்) செலவு, எம்ஆர்டில நேர் லைன் இல்லாம மாறி மாறி ஏறுற கதை. அதனால சிப்ல எந்த க்யூபிட் எதோட பக்கத்துல இருக்குங்கிற மேப்ப பார்த்துட்டு சர்க்யூட் எழுதுங்க.

அப்புறம் எரர் மிட்டிகேஷன், அதாவது ரிசல்ட்ல நாய்ஸோட பாதிப்ப குறைக்கிறது. நாய்ஸ வேணும்னே கூட்டி ரெண்டு மூணு லெவல்ல ஓட்டி, அதுலேர்ந்து ஜீரோ நாய்ஸ்ல என்ன வரும்னு கணிக்கிறது ஒரு வழி, மிட்டிக் லைப்ரரில ரெடியா இருக்கு, ஆனா ஷாட்ஸ் (சர்க்யூட்ட திரும்பத் திரும்ப ஓட்டுற தடவை) கூடும், கிளவுட் பில்லும் கூடும். இத எரர் கரெக்‌ஷன்னு பிட்ச் டெக்ல போட்டுடாதீங்க, அது தப்பையே கண்டுபிடிச்சு திருத்தறது, வேற விஷயம், தெரிஞ்சவங்க சிரிச்சிடுவாங்க.

30 க்யூபிட் வரைக்கும் சாதா கம்ப்யூட்டர்லயே 16 ஜிபி மெமரில சிமுலேட் பண்ணிடலாம், அதனால "குவாண்டம் எதுக்கு?"ன்னு கஸ்டமர் கேட்டா பதில் வேணும்.

ஆள் தேடறதுக்கு என்யுஎஸ்ல (சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்துல) 2007லேர்ந்து இருக்கிற சென்டர் ஃபார் குவாண்டம் டெக்னாலஜிஸ் பக்கம் போங்க. ஹொரைசன், என்ட்ரோப்பிக்கான்னு ரெண்டு குவாண்டம் சாஃப்ட்வேர் கம்பெனியும் இங்கயே இருக்கு, அவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்துட்டு உங்க ஏரியாவ முடிவு பண்ணுங்க.