கேமராவை எடுக்கும் முன் காற்றைக் கேளுங்கள்: தனுஷ்கோடிப் பக்கம் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

தனுஷ்கோடிக்கு முதல் தடவை கேமராவோடு போனபோது ஒரே நாளில் 300 படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் கடல் இருந்தது, வானம் இருந்தது, அங்கே நின்றபோது நெஞ்சை அடைத்த அது மட்டும் ஒன்றில்கூட இல்லை. அப்புறம் எனக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூடத்தில் படித்த திணைப் பாடம்தான். இடமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனதில் எழுவது உரிப்பொருள். நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம், உரிப்பொருள் இரங்கல், அதாவது ஏங்கி வருந்துவது. இராமநாதபுரம் கரையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், இது பரீட்சைக்குப் படித்த விஷயமாகவே தெரியாது. செல்போன் இருந்தாலும் போதும், அந்த வழியிலேயே போவோம்.

1. முதல் இருபது நிமிஷம் கேமரா பைக்குள் இருக்கட்டும்

கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது "அண்ணே, இன்னைக்கு என்ன காத்து?" என்று கேளுங்கள். இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு, பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து சோழகக்காற்று அடிக்கும்போது ஆண்கடல் இரைந்துகொண்டே இருக்கும், ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்துவிட்டால் தலைகீழ். ஒரே நாளில், கொஞ்ச தூர நடையில், இரண்டு வேறு மனநிலை கிடைக்கிற இடம் இது. எந்தப் பக்கம் உங்கள் கால் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள்.

2. மனதில் பட்டதை ஒரே சொல்லாக எழுதுங்கள்

தனிமை, பயம், காத்திருப்பு, ஆறுதல் என்று எதுவாகவும் இருக்கலாம். 'அழகு' மட்டும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியாது. பயம் என்றால் முடியும்: குனிந்து தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள், சின்ன அலையும் எழும்பி வரும். தனிமை என்றால் படத்தில் முக்கால் பங்கு வானத்துக்கு விடுங்கள்.

3. கருப்பொருள் ஒன்றே ஒன்று

காற்றுக்குச் சாய்ந்த உடைமரம், கரையேற்றிய வல்லம் (மீன்பிடிப் படகு), ஒற்றைப் பனை, வாலிநோக்கம் பக்கத்து உப்பளம், குளிர்காலம் என்றால் பூநாரை. இதில் ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிடுங்கள். பூநாரையை நெருங்கிப் போய்க் கலைக்காதீர்கள். இடிந்த தேவாலயச் சுவரை எல்லோரும்தான் எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் அது 1964 டிசம்பர் புயலில் ஒரு ஊரே போன இடம், பயணிகளோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது, அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றால் நீங்கள் எடுக்கும் படம் தானாக மாறும். பக்கத்திலேயே குடிசை போட்டு இன்றும் மீன்பிடித்து வாழ்கிறார்கள், அவர்கள் படத்தில் வருவதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

4. இனி செட்டிங்

வெள்ளை மணலைப் பார்த்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அதனால் பகலில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள். சூரியனை நோக்கி எடுக்கும்போது குறையுங்கள். செல்போனில் திரையைத் தொட்டு விரலைக் கீழே இழுத்தால் ஆயிற்று. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் சாயங்கால மஞ்சளை அதுவே 'சரி' செய்து கெடுத்துவிடும், டேலைட்டில் வையுங்கள். கேமரா என்றால் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 அல்லது 11. ஆண்கடலின் ஆவேசம் வேண்டுமா, நல்ல வெயிலில் ஷட்டர் 1/500 வினாடி. அலை புகைபோலப் பரவ வேண்டுமா, வெளிச்சம் குறைந்த பிறகு ட்ரைபாட் போட்டு அரை வினாடி. ட்ரைபாட் கால்களை மணலில் நன்றாக அழுத்துங்கள், அலை வந்து போகும்போது அடிமண் இளகும்.

5. சூரியன் மறைந்ததும் கிளம்பாதீர்கள்

அடுத்த இருபது நிமிஷ நீலத்தில்தான் இரங்கல் இருக்கிறது என்பது என் கட்சி. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இருட்டும் முன்பே போலீஸ் அனுப்பிவிடுவார்கள், ஆகவே இந்தப் படத்தை மண்டபம் கரையிலோ அரியமானிலோ வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதிவிடுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும்.

ராத்திரி, நீங்கள் கரையில் எழுதி வைத்த சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள், அந்தச் சொல்லுக்குப் பொருந்தாததை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஒதுக்குங்கள். இரண்டாம் தடவை போனபோது என் சொல் 'காத்திருப்பு'. எடுத்தது பன்னிரண்டு படம், மிஞ்சியது ஒன்று: ஆளில்லாத வல்லம், விறைத்து நிற்கும் நங்கூரக் கயிறு, மீதியெல்லாம் வானம்.