ஜெபம் வராத நாட்களில் 13-ஆம் சங்கீதம்

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் அழுகைதான். "விசுவாசி அழலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. இறந்துபோன தம் நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே கண்ணீர் விட்டாரே!

காட்பாடியில் எங்கள் சபை அக்கா ஒருவர், வேதாகமத்தில் தாவீது ராஜாவின் ஜெபப் பாட்டான 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். 6 வசனம்தான். முதல் 2 வசனத்திலேயே "எதுவரைக்கும்?" என்று தாவீது 4 தடவை கேட்டுவிடுகிறார். ஆண்டவரிடம் இப்படியும் பேசலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். பொழுது சாய்ந்ததும் அடுப்படியில் நின்றே வாசிப்பேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். மீதியை அக்கா வாசிப்பார். அப்புறம் மெல்ல முழுவதும் வந்தது.

துக்கம் போகவில்லை, ஆனால் இரவில் தூக்கம் வருகிறது. உங்களுக்கும் ஜெபம் வரவில்லையா? சரி, இந்தச் சங்கீதத்தை எடுங்கள். தனியாக வேண்டாம், பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து வாசியுங்கள்.