வீட்டில் கட்டும் விமானத்தின் திரைக்கு மாற்று பேட்டரி: வயரிங் செய்வது எப்படி?

கிட் வாங்கிச் சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் ஊசிக் காட்டிகளை வரிசையாகப் பொருத்துவதில்லை. ஒரே ஒரு மின்திரை, அதிலேயே வேகம், உயரம், சாய்வு, திசை எல்லாம். வசதிதான். ஆனால் கரண்ட் போனால் அத்தனையும் ஒன்றாகப் போய்விடும். நீலகிரிச் சரிவை ஒட்டிப் பறப்பவர் இதை அப்படியே விட்டுவிட முடியாது. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறும் மேகம் கோத்தகிரிப் பள்ளத்தாக்கைச் சில நிமிடங்களில் மூடிவிடும். அதற்குள் போகவே கூடாது. தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று உடம்புக்குத் தெரியாது. திரையில் உள்ள தொடுவானக் கோட்டை மட்டுமே நம்ப முடியும். அதனால் விமானத்தின் கரண்ட் போனாலும் திரை ஓட, அதற்கென்று ஒரு மாற்று பேட்டரி வேண்டும்.

இந்த வேலையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மாற்று பேட்டரியிலிருந்து திரை வரை வரும் பாதை முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். பேட்டரி இரண்டு இருந்தும் ஃபியூஸோ எர்த்தோ (கரண்ட் மைனஸுக்குத் திரும்பும் வழி) பொதுவாக இருந்தால், அந்த ஒன்று போனதும் இரண்டும் போன மாதிரிதான்.

முதலில் கணக்கு

திரையின் கையேட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அதோடு சாய்வு உணரி, ஜிபிஎஸ் இரண்டையும் சேருங்கள். எல்லாமாக 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? ஜெனரேட்டர் நின்ற பிறகு பேட்டரி 30 நிமிடம் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கச் சிறு விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த அளவுகோல். கோத்தகிரியிலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் 50 கி.மீ.க்குள்தான். ஆனால் மேகத்தைச் சுற்றி வரவும், இறங்க முறைக்காகக் காத்திருக்கவும் நேரம் வேண்டும். அதனால் நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் 3 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போதும் என்று தோன்றும். போதாது. யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் மூடிய லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கும் அளவு. 3 ஆம்பியர் வேகத்தில் இழுத்தால் நாலரை சொச்சம்தான் கிடைக்கும், அதாவது புது பேட்டரியில் ஒன்றரை மணி நேரம். குளிருக்கு ஐந்தில் ஒரு பங்கு, வயதாவதற்கு இன்னொரு பங்கு கழித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சும். கணக்கு சரியாக வந்துவிட்டது. எடை இரண்டு கிலோ சொச்சம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதில் பாதி எடைதான். ஆனால் அதற்கென்றே செய்த சார்ஜர் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலைகளை நினைத்தால், முதல்முறை செய்பவருக்கு லெட்-ஆசிட் போதும் என்பேன்.

பாதைகள்

முதல் பாதை: விமானத்தின் மெயின் பஸ்ஸிலிருந்து (எல்லாக் கருவிக்கும் கரண்ட் பிரியும் பொது இணைப்பு) 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் திரையின் முதல் பவர் பின்னுக்கு.

இரண்டாவது: மாற்று பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், ஸ்விட்ச், பிறகு திரையின் இரண்டாவது பவர் பின். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டி வைத்தால் இடையில் உள்ள வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆளில்லை.

இரண்டு பின் இருந்தால் உள்ளே டயோடும் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், கையேட்டைப் பாருங்கள். இல்லையென்றால், அல்லது ஒரே பின்தான் என்றால், ஒவ்வொரு பாதையிலும் ஒரு ஷாட்கி டயோடு (வோல்ட்டைக் குறைவாகத் தின்னும் வகை) போட வேண்டும். எந்தப் பக்கம் வோல்ட் அதிகமோ அந்தப் பக்கமிருந்து மட்டும் கரண்ட் வரும். இன்ஜின் ஓடும்போது பஸ்ஸில் 14.2 வோல்ட் இருக்கும், அதனால் மாற்று பேட்டரி சும்மா இருக்கும். டயோடில் அரை வோல்ட் அளவு விழும், 3 ஆம்பியருக்கு ஒன்றரை வாட் சூடு. உலோகத் தகட்டில் திருகி வையுங்கள்.

மூன்றாவது, சார்ஜ் ஏறும் பாதை: மெயின் பஸ், 3 ஆம்பியர் ஃபியூஸ், ஷாட்கி டயோடு, 1.5 ஓம் 25 வாட் ரெசிஸ்டர், மாற்று பேட்டரி. 14.2-இல் டயோடு தின்றது போக 13.8 வரும், இந்த வகை பேட்டரி எப்போதும் அதில் கிடக்கலாம். காலியான பேட்டரி ஒரேயடியாகக் கரண்ட் இழுக்காமல் ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். இந்த டயோடு இல்லாவிட்டால், மெயின் பேட்டரி சாகும்போது மாற்று பேட்டரியின் கரண்ட் பின்னோக்கி ஓடி ரேடியோ, விளக்கு என்று எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும்.

எர்த்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபைபர் உடல் விமானத்தில் உலோகச் சட்டமே கிடையாது, எர்த்துக்கும் வயர் இழுத்தாக வேண்டும். மெயின் எர்த் ஒரு வயரில் திரைக்கு வரட்டும். மாற்று பேட்டரியின் மைனஸ் வேறொரு வயரில், வேறொரு திருகில் வரட்டும்.

வயரும் கிரிம்ப்பும்

20 கேஜ் டெஃப்செல் வயர் (விமானங்களில் போடும், சூடு தாங்கும் உறை உள்ள வயர்) இதற்குப் போதும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய பிவிசி வயர் வேண்டவே வேண்டாம். எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகையில் மூடிய காக்பிட்டில் கண் திறக்க முடியாது.

இணைப்பிக்குள் செருகும் கடைசல் பின்னைக் கிரிம்ப் செய்யும் (வயரோடு அழுத்திப் பிணைக்கும்) முன் பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டையை லென்ஸில் பாருங்கள். அதற்குள் செம்பு இழை தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வயர் அடிவரை போகவில்லை. அழுத்திய பிறகு பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வருவது இப்போதே வரட்டும். மலையில் ஷெட்டுக்குள்ளேயே மூடுபனி நுழைந்து உலோகத்தில் நீர்த்துளி கோக்கும். ஆகவே வெளியே தெரியும் மூட்டுகளுக்கெல்லாம் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

சோதனை

திரையை மாட்டும் முன், வண்டி இண்டிகேட்டரில் வரும் 21 வாட் பல்பு இரண்டை அதன் இடத்தில் இணையுங்கள். சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். மாற்று பேட்டரியில் மட்டும் எரியவிட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள்.

அப்புறம் திரையை மாட்டி, மாற்று ஸ்விட்சைப் போட்டுவிட்டு மெயின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். திரை கண் சிமிட்டக்கூடக் கூடாது. மாஸ்டர் ஸ்விட்சையும் அணைத்து மெயின் பஸ்ஸில் மல்டிமீட்டரை வையுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். வோல்ட் எதுவும் காட்டினால் எங்கோ கரண்ட் பின்னோக்கி ஓடுகிறது, சார்ஜ் பாதை டயோடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, மெயின் எர்த்தை மட்டும் கழற்றிப் பாருங்கள். திரை ஓட வேண்டும். எர்த்தை மாட்டிய பிறகு கடைசியாக இன்ஜின் ஸ்டார்ட்: ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மெயின் 10 வோல்ட்டுக்கும் கீழே போகலாம், அப்போதும் திரை அணைந்து மறுபடி தொடங்கக் கூடாது.

நீலகிரியில் விமான நிலையம் இல்லை. ஷெட்டில் கட்டியது லாரியில்தான் கீழே இறங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிய பிறகு இத்தனை சோதனையையும் சமவெளியில் மறுபடி செய்யுங்கள். பறக்கும் முன் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரிடம் வயரிங்கைக் காட்டி, டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிப்படி கையெழுத்து வாங்குங்கள். பேட்டரி மேல் தேதி எழுதி ஒட்டிவைத்து, வருடம் ஒருமுறை பல்பு சோதனை செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கீழே வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.