விமானத்தில் வரிசையை எண்ணுங்கள், ஹோட்டலில் கதவை எண்ணுங்கள்

முதல் தடவை விமானம் ஏறுபவர்களுக்குப் பர்ஸ், பாஸ்போர்ட் பற்றித்தான் கவலை. அதற்கு ஓர் இடுப்புப் பை போதும். இங்கே சொல்லப்போவது புகையைப் பற்றி. தீ வந்து சேரும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். அது சூழ்ந்தபின் கண்ணால் வழி தேட முடியாது.

படி 1: பெட்டி கட்டும்போது

பவர் பேங்க்கின் பேட்டரி தீப்பிடிக்கலாம், அதனால் அதைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். அதில் அச்சிட்ட எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-அவர் (Wh, பேட்டரியில் சேமிக்கும் மின்சாரத்தின் அளவு). 100 வரை பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111 வரும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உப்பிப்போன பேட்டரியை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

விமானத்தில் பையை மேல்தட்டில் வைத்தாலும் பவர் பேங்க் மட்டும் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் அருகே ஒரு விமானம் புறப்படும் முன்பே எரிந்தது. தீ தொடங்கியது மேல்தட்டில்தான்.

படி 2: இருக்கையில் உட்கார்ந்ததும்

அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று முன்னும் பின்னும் எண்ணுங்கள். முன்னால் ஏழு, பின்னால் நான்கு என்று மனதில் இருந்தால், இருட்டில் இருக்கை முதுகுகளைத் தடவியே போய்விடலாம்.

பெல்ட்டை இரண்டு தடவை போட்டுக் கழற்றுங்கள். சிரிப்பாகத் தோன்றும். ஆனால் பதற்றத்தில் பலரும் கார் பெல்ட் ஞாபகத்தில் பொத்தானைத் தேடி அழுத்துகிறார்கள். விமான பெல்ட்டில் மூடியைத் தூக்க வேண்டும்.

செல்போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்காதீர்கள். போன் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை வாசல் தாண்டியபின்தான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால், தண்ணீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு முங்கிப் போக முடியாது. 1996இல் கொமோரோஸ் தீவுகள் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலருக்கு அதுதான் நடந்தது.

அவசரமாக இறங்கச் சொன்னால் பையை எடுக்காதீர்கள்.

படி 3: ஹோட்டல் அறைக்கு வந்ததும்

பெட்டியைத் திறக்கும் முன் வராந்தாவுக்கு வாருங்கள். மாடிப்படி வரை எத்தனை கதவு என்று எண்ணி, படிக்கதவைத் தள்ளிப் பாருங்கள். சின்ன லாட்ஜ்களில் அங்கே மெத்தையும் பக்கெட்டும் அடைத்து வைத்திருப்பார்கள், சில இடங்களில் பூட்டே தொங்கும். அப்படியிருந்தால் அறையை மாற்றக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மாடி உயரம் காப்பாற்றாது. 1980இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ எரிந்தது தரைத்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் மேல்மாடிகளில் புகையால் மாண்டார்கள்.

படி 4: ராத்திரி அலாரம் அடித்தால்

சாவியும் செருப்பும் கட்டிலருகே இருக்க வேண்டும். கதவைப் புறங்கையால் தொடுங்கள். சூடில்லை என்றால் மெல்லத் திறந்து, சாவியோடு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, கதவுகளை எண்ணியபடியே மாடிப்படிக்குத் தவழ்ந்து போங்கள். லிஃப்ட் வேண்டாம். வழியில் புகை அடைத்திருந்தால் அறைக்குத் திரும்ப அந்தச் சாவிதான் உதவும்.

கதவு சுட்டால் திறக்காதீர்கள். ஏசியை அணைத்து, துண்டை நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் திணியுங்கள். இந்தியாவில் 112 அல்லது 101ஐ அழைத்து மாடி, அறை எண்ணைச் சொல்லிவிட்டு, ஜன்னலில் வெளிர்நிறத் துணியை ஆட்டுங்கள்.