கீழ் அறுவை சிகிச்சை: திருநம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு நீளம் வரும்?" பிறப்புறுப்பை ஆணுறுப்பாக அமைக்கும் கீழ் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தாலே திருநம்பிகள் பலர் முதலில் கேட்பது இதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நின்றபடி சிறுநீர் கழிக்க வேண்டுமா, உணர்ச்சி குறையக் கூடாதா, உட்செலுத்தி உறவுகொள்ள வேண்டுமா, எத்தனை முறை ஆபரேஷனுக்குப் படுக்கத் தயார்? இதற்கெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

இதில் முக்கியமாக இரண்டு முறைகள். மெட்டாய்டியோபிளாஸ்டியில், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனால் வளர்ந்த கிளிட்டோரிஸை (பெண்குறிக் காம்பை) பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும், தானாக விறைக்கும். ஆனால் ஏறக்குறைய கட்டைவிரல் அளவுதான். உட்செலுத்த பலருக்கும் போதாது. ஃபாலோபிளாஸ்டியில் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலை நரம்பு, ரத்தக் குழாயோடு எடுத்து உறுப்பாகச் சுருட்டுகிறார்கள். அளவு கிடைக்கும், கையில் பெரிய தழும்பும் நிற்கும். தானாக விறைக்காது. அதற்கான கருவியை, உணர்ச்சி திரும்பிய பிறகு, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத்தான் வைப்பார்கள். அதனால் ஒரே ஆபரேஷனுக்கு மட்டும் பணமும் லீவும் சேர்த்துவைப்பது பெரிய தவறு. 1940களில் இங்கிலாந்தில் மைக்கேல் டில்லன் என்ற திருநம்பிக்கு சர்ஜன் ஹெரால்ட் கில்லீஸ் பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். இன்று அவ்வளவு இல்லை. இரண்டு மூன்று கட்டங்கள் சகஜம்.

அப்புறம், முடி. முன்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தோலின் ஒரு பகுதிதான் உறுப்புக்குள்ளே சிறுநீர்க் குழாயாகப் போகிறது. அதில் முடி இருந்தால் உள்ளேயே வளரும். அடைப்பு, தொற்று, கல் என்று தொல்லை தொடரும். ஷேவ் செய்தால் போதாது. மின்சாரத்தால் முடிவேரை அழிக்கும் எலக்ட்ரோலிசிஸோ லேசரோ மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். அதுவும் எந்த இடம் என்று சர்ஜன் பேனாவால் வரைந்து காட்டிய பிறகு.

சிகரெட், பீடியை முதல் நாள் மட்டும் நிறுத்துவது ஆபத்து. மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களை நிகோடின் சுருக்கிவிடும். பொருத்திய திசுவே அழுகிப்போகலாம். சர்ஜன் சொல்லும் வாரக்கணக்கை அப்படியே கடைப்பிடியுங்கள். நிகோடின் சூயிங்கமும் கணக்கில் சேரும்.

சிறுநீர்க் குழாயை நீட்டினால் கசிவும் சுருக்கமும் வருவது அபூர்வமல்ல. "உங்களிடம் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆனது, ஊருக்குப் போன பிறகு வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உடம்பு.

சூலகத்தையும் எடுப்பதாக இருந்தால், கருமுட்டையைச் சேமிப்பதா என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். எடுத்த பிறகு டெஸ்டோஸ்டிரோனை நீங்களாக நிறுத்தினால் எலும்பு பலவீனமாகும்.

அடையாளத்துக்காக மட்டும் அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போக வேண்டாம். பாலின அடையாளத்தை ஏற்க அறுவை சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம், திருநர் உரிமைகள் பற்றிய 2014 நால்சா தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, துணை. ஒரு கையில் கட்டு, சில வாரங்களுக்குக் குழாயோடு சிறுநீர் சேகரிக்கும் பை. ஒற்றைக் கையால் லுங்கி கட்டக்கூட முடியாது. பையைக் காலிசெய்து கொடுக்கப்போவது யார் என்று அட்மிஷன் தேதி குறிக்கும் முன்பே பேசி வையுங்கள்.