பங்குக் காணி கூறுவிலைக்கு (ஏலத்துக்கு) போகிறதா? ஊருக்குப் போகுமுன் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் நாலு பரப்புக் காணி, ஒரு கல்வீடு, ஒரு கிணறு, உரித்தாளர் ஏழு பேர். பரப்புக்கு 10 பேர்ச்சஸ் என்றால் ஆளுக்கு 6 பேர்ச்சஸ்கூட வராது. வீட்டையும் கிணற்றையும் ஏழாக வெட்ட முடியாது. இப்படியான காணியைத்தான் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் விற்றுக் காசைப் பங்கிடச் சொல்கிறது. வழக்குப் போட உரித்தாளர் ஒருவரே போதும். மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை.

வழக்கு காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டால், முடியும்வரை பங்கை விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. எழுதிய உறுதி (காணிப் பத்திரம்) செல்லாது. "என்ர பங்கைத் தங்கச்சிக்கு எழுதிப்போட்டுப் போறன்" என்று விடுமுறைக்கு வந்தவர் நொத்தாரிசிடம் ஓடுவதற்கு முன், பதிவகத்தில் ஒருக்கால் தேடிப் பார்ப்பிப்பது நல்லது.

பலர் கோட்டைவிடுவது அளவை நாளில். காணியில் பறை தட்டி அறிவித்தபின் நில அளவையாளர் வருவார். வீடு, கிணறு, மதில், தென்னை, பனை என்று ஒவ்வொன்றையும், அதை யார் உரிமை கோருகிறார் என்பதையும் அறிக்கையில் எழுதுவார். பின்பத்தி அறையை அப்பா தன் காசில் கட்டினார் என்றால் அன்றே சொல்லிப் பதிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் அதன் பெறுமதியும் பொதுவில் கலந்துவிடலாம். நீங்கள் நிற்க முடியாவிட்டால் உங்கள் ஆள் நிற்கட்டும்.

இரண்டு கிழமைப் பயணத்தில் வழக்கு முடியாது. அந்த நாட்களில் சட்டத்தரணி உங்களுக்காக வழக்கில் தோன்றுவதற்கான புறொக்சிப் பத்திரம், நம்பிக்கையான ஒருவர் உங்கள் சார்பில் செயற்படுவதற்கான அற்றோர்னித் தத்துவம், பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபட்டால் சத்தியக் கடதாசி, இவற்றை முடியுங்கள். நீங்கள் இறந்தால் வழக்கில் உங்கள் இடத்தில் நிற்பவர் யார் என்ற நியமனப் பத்திரத்தையும் கொடுத்துவிடுங்கள். வழக்கை எட்டிப் பார்க்காமல் கனடாவில் இருந்தால் உங்கள் பங்கு இல்லாமலே தீர்ப்பு வரலாம்; பிறகு அதைக் கிளறுவது மிகக் கடினம்.

கூறுவிலையில் காணி முதலில் உரித்தாளருக்குள் மதிப்பீட்டு விலைக்குக் குறையாமல் கேட்கப்படும். அவர்கள் எடுக்காவிட்டால்தான் வெளியாருக்கு. வீட்டை நீங்களே எடுக்க ஆசையா? இலங்கைக் குடியுரிமையை விட்டவர், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் மாட்டுவார். வழியுரிமையாக வந்த பங்கு வேறு, விலைக்கு வாங்குவது வேறு. கூறுவிலைத் திகதி குறிக்குமுன் இதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.