வீட்டு கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ்: காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

எதிர்வீட்டு அக்கா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டு வந்து, வீட்டு லேப்டாப்பில் செருகியிருக்கிறார். போல்டர்களின் பெயரெல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு மஞ்சள் போல்டரின் கீழ் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. எதைத் திறந்தாலும் ஒரு கறுப்புத் திரை மின்னி மறைந்தது.

"தம்பி, எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. நல்ல ஆன்டிவைரஸா ஒண்ணு சொல்லு, காசு ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

போய்ப் பார்த்தேன். அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தன. ஒன்று லேப்டாப் வாங்கும்போதே வந்த ட்ரையல். முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் சிவப்புப் பெட்டி காட்டும், அக்கா தினமும் அதை மூடுவார். அதனால் எந்த எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் மூடும் பழக்கம் வந்துவிட்டது. இன்னொன்று யாரோ போட்டுக் கொடுத்த இலவசப் பதிப்பு. விண்டோஸோடு வரும் பாதுகாப்போ அணைந்து கிடந்தது. ஆபீஸ் சாப்ட்வேரை கிராக் செய்து (காசு கட்டாமல் பூட்டை உடைத்து) போட்டவர் அதை அணைத்ததோடு நிற்காமல், சி டிரைவ் முழுவதையும் "ஸ்கேன் செய்யாதே" பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று அவர் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. என்ன செய்தோம் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கானது இது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிவைரஸ் என்பது பாட்டு கேட்கும் சாப்ட்வேர் மாதிரி இல்லை. நம் கம்ப்யூட்டரில் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமை அதற்கு உண்டு. வீட்டுச் சாவியையே கொடுத்து வைக்கிறோம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விமான நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நீலத்திரை வந்து சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியது நினைவிருக்கும். அது வைரஸ் தாக்குதல் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேருக்கு வந்த ஒரு பிழையான அப்டேட். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் விஷயம் வேறு மாதிரி. இலவச ஆன்டிவைரஸ் வழியாகத் திரட்டிய, மக்கள் எந்தெந்த இணையதளம் பார்க்கிறார்கள் என்ற விவரத்தை ஒரு துணை நிறுவனம் மூலம் விற்றது வெளியே வந்தது. 2024இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி அவாஸ்ட்மீது 1.65 கோடி டாலர் கட்டும்படி நடவடிக்கை எடுத்தது. ஆகவே "எது பெஸ்ட்" என்று தேடுவதைவிட "யார் கையில் சாவி கொடுக்கலாம்" என்று யோசியுங்கள்.

படி 1: விண்டோஸ் உயிரோடு இருக்கிறதா?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் எந்த விண்டோஸ் என்று தெரியும். 11 என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 10 என்றால், அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். அதற்கு உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 என்ற கடைசிப் பதிப்பாக இருக்க வேண்டும். விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரியிலேயே முடிந்த கதை. அதில் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற வைரஸ் நுழைந்த ஓட்டையை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே அடைத்திருந்தது. இரண்டு மாதமாக அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

படி 2: இப்போது காவல் யார்?

ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறங்கள். கேடயப் படம் போட்டது. அதில் செட்டிங்ஸ் போய் "மேனேஜ் புரொவைடர்ஸ்" அழுத்துங்கள். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன, எது ஆனில் இருக்கிறது என்று தெரியும்.

ஒரே ஒன்றுதான் ஆனில் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும், 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். வேறு ஆன்டிவைரஸ் ஒன்று உள்ளே வந்தால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படிதான் மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது.

படி 3: தேவையில்லாததை எடுங்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாக (விண்டோஸ் 10இல் ஆப்ஸ் அண்ட் பீச்சர்ஸ்) காலாவதியான ட்ரையல்களையும் இனி வேண்டாத மற்ற ஆன்டிவைரஸையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சில ஆன்டிவைரஸ் லேசில் போகாது; அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே அதை நீக்குவதற்குத் தனி டூல் இருக்கும். நீக்கிய பிறகு கட்டாயம் ரீஸ்டார்ட்.

படி 4: டிபெண்டரை முழுதாக எழுப்புங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். கடையில் வாங்கும் சாப்ட்வேரில் காசு கொடுத்துப் பெறும் பல வசதிகள் இங்கே சும்மா கிடக்கின்றன.

விண்டோஸ் செக்யூரிட்டியில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்", அதற்குள் "மேனேஜ் செட்டிங்ஸ்". ரியல்டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்கட்டும். டேம்பர் புரொடெக்ஷன் என்பது வைரஸே உள்ளே வந்து டிபெண்டரை அணைத்துவிடாமல் தடுக்கும் பூட்டு.

அதே பக்கத்தில் கீழே இறங்கினால் "எக்ஸ்க்ளூஷன்ஸ்". இதைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் வருத்தம். இந்தப் பட்டியலில் இருக்கும் இடங்களை டிபெண்டர் எட்டிக்கூடப் பார்க்காது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் இது காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத பெயர் ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அக்காவின் லேப்டாப்பில் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஸ்கேன் விட்டதும் பத்து நிமிடத்தில் அறிவிப்புகள் வரிசையாக வர ஆரம்பித்தன.

அடுத்து "ரான்சம்வேர் புரொடெக்ஷன்". ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அதில் "கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ்" என்ற சுவிட்ச் வழக்கமாக ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில் அறிமுகமில்லாத புரோகிராம் கைவைக்க முடியாது. ஒரு சிக்கல் உண்டு: பழைய டிடிபி சாப்ட்வேர் ஏதாவது வைத்திருந்தால் கோப்பைச் சேமிக்கவிடாமல் தடுக்கலாம். அப்போது சுவிட்சை அணைக்காதீர்கள். அதே பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது.

கடைசியாக "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்", அதில் "ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்". இலவச சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் குப்பைகளை இது நிறுத்தும்.

படி 5: அப்படியானால் வாங்கவே வேண்டாமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. "விண்டோஸோடு வருவது ஒன்றுக்கும் ஆகாது" என்று கடைக்காரர்கள் சொல்வது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் உண்மையாக இருந்தது. ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்தில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என்று 18க்கு மதிப்பெண் போடுகிறது. அங்கே அப்போது பின்தங்கிய மைக்ரோசாப்ட், அண்மை ஆண்டுகளில் பல சுற்றுகளில் 18க்கு 18 வாங்கியிருக்கிறது.

ஆனால் வாங்கத்தான் வேண்டும் என்ற வீடுகளும் உண்டு. முதலாவது, எப்போதாவதுதான் நெட் வரும் கம்ப்யூட்டர். டிபெண்டர் தன் திறமையில் பெரும்பகுதியை மைக்ரோசாப்டின் கிளவுடை (நெட் வழியாக எட்டும் அதன் சர்வர்களை) நம்பியே வைத்திருக்கிறது; நெட் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரேடிவ்ஸ் ஆய்வகம் வெளியிடும் அறிக்கையில் நெட் இல்லாத நிலைக்கும் தனி எண் உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, பிரச்சினை வந்தால் போனில் கூப்பிட்டு விளக்கம் கேட்க ஆள் வேண்டும் என்பவர்கள். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை உள்ளூரில் எளிதாகக் கிடைக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். அந்த ஆய்வகங்களின் ஒரே ஒரு சுற்றைப் பார்த்து முடிவெடுக்காமல் நாலைந்து சுற்றுகளைப் பாருங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ நம்பகமான கடையிலோ வாங்குங்கள். மிக மலிவாக வாட்ஸ்அப்பில் விற்கும் கீ நாலு மாதத்தில் செத்துப்போகும். முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாமல் இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். கார்டில் ஆட்டோ ரின்யூவல் போட்டிருந்தால், காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே செய்தி வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில் வைரஸ் நீக்கும் டூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே தொற்றிய கம்ப்யூட்டருக்கு நல்ல உதவி.

படி 6: வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

இதற்கென்றே ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்து கொண்ட ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் இதைக் கண்டால் வைரஸ் என்று கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட கோப்பு. டவுன்லோடு செய்து பாருங்கள். தடுத்தால் காவல்காரர் விழித்திருக்கிறார். சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டால் படி 2க்குத் திரும்புங்கள்.

படி 7: பென்டிரைவும் போலி எச்சரிக்கையும்

வெளியே போய் வந்த பென்டிரைவைச் செருகியதும் திறக்காதீர்கள். அதன் மேல் ரைட் க்ளிக் செய்து டிபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள். போல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தாலும் பதறி பார்மட் செய்துவிட வேண்டாம். பெரும்பாலும் உண்மையான கோப்புகள் உள்ளேயே மறைந்து கிடக்கும். ஸ்கேன் முடிந்த பிறகு, போல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, "ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்" என்பதில் உள்ள டிக்கையும் எடுத்தால் மங்கலாகத் தெரியும். அக்காவின் கேள்வித்தாள்கள் அப்படித்தான் கிடைத்தன.

பிரவுசரில் திடீரென்று சைரன் ஒலித்து, "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று வந்தால் அது பொய். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். ஓரத்தில் ஏதோ ஆன்டிவைரஸ் பெயரில் "சந்தா முடிந்தது" என்று தொடர்ந்து வந்தால், குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

குழந்தையின் போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் இவற்றை மட்டும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் தனியாக எடுத்து வையுங்கள். காப்பி முடிந்ததும் வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.